அடைத்துக்கொண்ட சிங்க்கை நீங்களே சரிசெய்யலாம்

தீபாவளிக்கு மறுநாள், ஆட்டுக்கறிச் சட்டிகளைக் கழுவி முடிப்பதற்குள் எங்கள் செந்தூல் அடுக்குமாடி வீட்டுச் சிங்க்கில் தண்ணீர் நின்றுவிட்டது. அவசரத்தில் அடைப்பு நீக்கும் தூளைக் கொட்டினோம். தூளும் கொழுப்பும் சேர்ந்து கல்லாக இறுகியதுதான் மிச்சம். அடைப்பு பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழே, கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதனால் தூளைத் தொடாதீர்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் குழாயைத் திறக்காதபோதும் சிங்க்கில் தண்ணீர் மேலேறுகிறதா? அப்படியென்றால் அடைப்பு பொதுக் குழாயில் இருக்கிறது. மேனேஜ்மெண்ட் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

இல்லையென்றால் ரப்பர் பம்ப்பை எடுங்கள். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். சிங்க்கின் மேல்பக்கத்தில் சின்னத் துளை இருக்கும். இரட்டைச் சிங்க் என்றால் அடுத்த தொட்டியின் வாயும் இருக்கும். இரண்டையும் ஈரத்துணியால் இறுக அடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும், எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. பிறகு விடாமல் 20 முறை அழுத்தி இழுங்கள்.

அசையவில்லையா? சரி, கீழே குனியுங்கள். குப்பி போலவோ வளைந்தோ ஒரு பகுதி தெரியும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சோறும் கொழுப்பும் படிவதும் அங்கேதான். அடியில் வாளியை வையுங்கள். பிளாஸ்டிக் மரையைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகுங்கள். உள்ளே இருப்பதை வழித்தெடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ரப்பர் வளையம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் கசியும்.

ஏற்கெனவே தூள் போட்டுவிட்டீர்கள் என்றால் பம்ப்பும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். அந்தத் தூளில் பெரும்பாலும் இருக்கும் காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்தத் தண்ணீரில் வேறு மருந்து எதையும் ஊற்றாமல் பிளம்பரைக் கூப்பிட்டு, தூள் போட்டதையும் சொல்லுங்கள்.

கொதிநீரையும் ஊற்றாதீர்கள். பிவிசி குழாய்க்கு 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடு ஆகாது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரச் சோப்பும் போதும்.

மாட்டி முடித்ததும் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். மரையைச் சுற்றி டிஷ்யூ வைத்துப் பாருங்கள். நனையாமல் இருந்தால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் இப்போது கறிக்கொழுப்பையும் மிச்ச நெய்யையும் காலி கெட்டிப்பால் டின்னில் ஊற்றி, ஆறியதும் குப்பையில் போடுகிறோம்.