ஹெட்செட் மாட்டினால் மட்டும் விர்ச்சுவல் ரியாலிட்டி ஆகிவிடாது

தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால், அதில் ஓடுவது எதுவானாலும் அதை விர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது கணினி உருவாக்கும் இடத்துக்குள் நாமே இருப்பதுபோல் உணரவைக்கும் தொழில்நுட்பம், என்று அழைப்பது கண்காட்சிகளிலும் வணிக வளாகங்களிலும் வழக்கமாகிவிட்டது. கருவியை வைத்து அனுபவத்தை எடைபோடும் இந்தத் தவற்றிலிருந்துதான் மற்றக் குழப்பங்களில் பெரும்பாலானவை கிளைக்கின்றன. சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1992-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட 'கேவ்' அமைப்பில் ஹெட்செட்டே இல்லை. முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து ஓர் அறைக்குள் நிற்பவரின் தலை எங்கே இருக்கிறது என்பதைக் கணினி இடைவிடாமல் கணித்து, சுவர்களிலும் தரையிலும் விழும் காட்சியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருந்தது. நம் அசைவுக்குக் காட்சி உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை.

எல்லாத் திசைகளையும் ஒருசேரப் பதிவுசெய்யும் 360 பாகைக் காணொளியை முழுமையான விர்ச்சுவல் ரியாலிட்டி என்று கொள்வது அடுத்த தவறு. அதில் தலையை மேலும் கீழும் திருப்பலாம், பக்கவாட்டில் சுழற்றலாம், தோள்பக்கம் சாய்க்கலாம். ஆனால் ஓர் அடி முன்னே வைத்தாலும் கேமரா அன்று நின்ற இடத்திலேயேதான் நாமும் நிற்போம். ஒரு கோயில் மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் இருக்கும் சிற்பத்தைக் காண உடலைச் சற்று நகர்த்திப் பாருங்கள்: சிற்பம் வெளிப்பட்டால் அந்த இடத்தின் வடிவம் கணினிக்குள் இருக்கிறது, வெளிப்படாவிட்டால் நம்மைச் சுற்றி ஒட்டப்பட்ட படம்தான் இருக்கிறது. 2014-இல் வந்த, கைபேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டியான கூகுள் கார்ட்போர்டு போன்ற எளிய கருவிகளும் தலையின் சுழற்சியை மட்டுமே அறிந்தன. அவற்றை ஒரேயடியாக ஒதுக்குவது கறார்த்தனம் என்றாலும், வாசற்படியை வீடு என்று சொல்ல முடியாது.

திரையரங்கின் முப்பரிமாணப் படத்தையும் இதனோடு சேர்க்கக் கூடாது. அங்கே யார் எப்படி அசைந்தாலும் எல்லோருக்கும் வருவது ஒரே காட்சிதான்.

படம் தத்ரூபமாக இருந்தால் போதும் என்ற எண்ணம் இவற்றைவிட ஆழமாக வேரூன்றியது. 1968-இல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து அறிமுகப்படுத்திய தலையணிக் கருவி காட்டியவை வெறும் கோட்டுருவங்களே. ஆனால் பார்ப்பவர் நகர்ந்தபோது அவையும் அதற்கேற்பக் கோணம் மாறின. கோடுகளின் ஊடே உண்மையான அறையும் தெரிந்ததால், உண்மைக் காட்சியின் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டிக்கும் அதையே முன்னோடியாகச் சொல்வார்கள். மாறாக, எவ்வளவு கூர்மையான படமாக இருந்தாலும், தலை திரும்பியபின் காட்சி தாமதித்துத் திரும்பினால் மாயை கலைவதோடு பலருக்குக் குமட்டலும் வருகிறது. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் இந்தத் தாமதத்தை ஏறத்தாழ 20 மில்லிவினாடிக்குள் அடக்கப் பாடுபடுகிறார்கள்.