மலக்குழி மரணங்கள் குறித்த பொதுக் கலந்துரையாடலை நடத்துவது எப்படி?

குடிமை உரிமைகள் குறித்த கலந்துரையாடல் என்று நம் ஊர்களில் அறிவிக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை வரவேற்புரையில் தொடங்கி, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று நீண்டு, பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் கைமாறி, கேள்வி கேட்க எழுந்தவரை நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்து, நன்றியுரையில் முடிகின்றன. பாராட்டுக் கூட்டத்துக்கு அது பொருந்தும். ஒருவருடைய உரிமை பறிக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகமும் இருக்கிறது என்னும்போது கூட்டத்தின் வடிவம் வேறாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் முதலில் பேச வேண்டும். பொறுப்பில் உள்ளவர் அதைக் கேட்டுவிட்டு, அதே மேடையில், ஆவணங்களின் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறப்பதையே மலக்குழி மரணம் என்கிறோம். தமிழ்நாட்டின் நகராட்சி ஒன்றில் இந்த மரணங்களைப் பற்றி நூறு, நூற்றைம்பது பேர் கூடிப் பேசும் நிகழ்ச்சியை ஒரு சிறு குழு எவ்வாறு நடத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். வேறு உரிமைப் பிரச்சினைகளுக்கும் இதைச் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தலாம்.

கேள்வியும் ஆவணமும்

முதல் வேலை, கேள்வியைக் குறுக்குவது. "மனிதக் கழிவை மனிதரே அகற்றும் அவலம்" என்று தலைப்பிட்டால் மேடையில் இருப்பவர்களும் எதிரில் இருப்பவர்களும் அது அவலம்தான் என்று ஒப்புக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அதை மறுத்துப் பேச ஆளே இருக்காது. "நம் நகராட்சி எல்லைக்குள் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் லாரிகளைச் சோதிப்பது யார்?" என்றோ, "இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன இழப்பீடு முழுமையாக வந்து சேர்ந்ததா?" என்றோ கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பொருளில் சட்டம் வேண்டும் என்று கோர வேண்டிய நிலை இல்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2013இல் மற்றொன்று இயற்றப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அபாயகரமான துப்புரவுப் பணிக்கு ஆளை ஈடுபடுத்துவதை அதன் 7ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்தத் தடை உள்ளாட்சி அமைப்புகளை மட்டுமல்ல, தனிமனிதர்களையும் கட்டுப்படுத்துவதால், வீட்டு உரிமையாளரும் உணவக முதலாளியும் இதிலிருந்து தப்ப முடியாது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் இவ்வாறு இறங்கி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இவற்றை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், எளிய தமிழில் அச்சிட்டு வாசலிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் எந்தப் பேச்சாளரும் சட்ட வரலாறு சொல்வதில் இருபது நிமிடம் செலவிட வேண்டியிருக்காது.

அடுத்தது ஊர்க் கணக்கு. நிகழ்ச்சிக்கு இரண்டரை மாதம் முன்பாகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகராட்சிக்கும் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் மனு அனுப்பிவிட வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. பதிலுக்குச் சட்டம் 30 நாள் தருகிறது, முதல் மேல்முறையீட்டுக்கும் கால அவகாசம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு முன்னேற்பாடு. எத்தனை பேர் இறந்தார்கள், முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன, இழப்பீடு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, நகராட்சியிடம் எத்தனை இயந்திரங்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொரு கேள்வியையும் விட்டுவிட வேண்டாம். இயந்திரத்தால் இயலாத சில குறிப்பிட்ட பணிகளைத் தவிர மற்றச் சூழல்களில் சாக்கடைக்குள் ஆளை இறக்க வேண்டுமானால், உள்ளாட்சி அமைப்பின் தலைமை நிர்வாக அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிகள். அப்படிப் பதியப்பட்ட அனுமதிகளின் நகல்களைக் கோருங்கள். "அப்படி எதுவும் இல்லை" என்று எழுத்தில் வரும் பதில் மேடையில் மிகவும் பயன்படும்.

ஆவணத்தை மக்கள் முன்னிலையில் வாசிப்பதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழவர், தொழிலாளர் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில், ஊரில் நடந்ததாக எழுதப்பட்ட பணிகளின் கணக்குகள் உரக்க வாசிக்கப்பட்டன. கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்களே அவற்றின் உண்மையையும் பொய்யையும் எழுந்து சொன்னார்கள். பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கை வலுப்பெற்றது இத்தகைய விசாரணைகளிலிருந்துதான்.

மேடையில் யார்?

நான்கு பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். சாக்கடையிலோ தொட்டியிலோ இறங்கி வேலை செய்த தொழிலாளி ஒருவர், இறந்தவரின் குடும்பத்திலிருந்து ஒருவர், இத்தகைய வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஒருவர், நகராட்சி ஆணையர் அல்லது பொறியாளர். ஐந்தாவது இருக்கையைப் பலரும் பேராசிரியருக்கோ எழுத்தாளருக்கோ கொடுப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கோ கழிவுநீர் லாரி உரிமையாளருக்கோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மரணங்களில் பல தனியார் கட்டடங்களின் தொட்டிகளில் நிகழ்கின்றன. கூடியிருப்பவர்களில் பலரும் தங்கள் வீட்டுத் தொட்டியைத் திறக்க யாரையோ தொலைபேசியில் அழைத்தவர்கள்தாம். கவுன்சிலர்களையும் கட்சிப் பிரமுகர்களையும் முன்வரிசையில் அமர்த்தி, பார்வையாளர்களுக்கான நேரத்தில் பேச வாய்ப்பளியுங்கள். ஒருவரை மேடையேற்றினால் அவருடைய எதிரணியையும் ஏற்ற வேண்டும். பிறகு கூட்டம் யாருடையது என்பதே மாறிவிடும்.

குடும்பத்தினரை அழைப்பதில் அவசரம் கூடாது. வீட்டுக்குச் சென்று, என்ன கேட்கப்போகிறோம், யார் எதிரில் இருப்பார்கள், படம் பிடிக்கப்படுமா என்பதையெல்லாம் சொல்லி, யோசிக்க நாள் கொடுத்து, மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்பிவிட வேண்டும். சம்மதித்தாலும் மரணம் நடந்த விதத்தை மீண்டும் சொல்லச் சொல்ல வேண்டாம். அது முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது, நெறியாளர் வாசித்துவிடலாம். காவல் நிலையத்தில் என்ன சொன்னார்கள், உடற்கூறாய்வு முடியும் வரை யார் கூட இருந்தார்கள், காசோலைக்காக எத்தனை அலுவலகங்களுக்குப் போக நேர்ந்தது என்று, இறப்புக்குப் பிந்தைய நாட்களைப் பற்றிக் கேளுங்கள். இவைதாம் வேறு எந்த ஏட்டிலும் இல்லாத செய்திகள். அவருக்கு நம்பிக்கையானவர் ஒருவர் மேடையிலேயே அருகில் அமரட்டும்.

தொழிலாளி ஒப்பந்தப் பணியில் இருப்பவரானால், மேடையேறுவது அவருடைய வேலைக்கே உலை வைக்கக்கூடும். அந்த அபாயத்தை அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வேண்டுமானால் சங்கப் பிரதிநிதியோ பணியை விட்டு விலகியவரோ பேசலாம். வருபவருடைய ஒரு நாள் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் குழு ஏற்க வேண்டும். சிறப்பு விருந்தினருக்குக் கார் அனுப்பும் நாம் இதற்கு யோசிப்பது அழகல்ல. ஆணையரைப் பெயருக்குப் பின் "அவர்கள்" சேர்த்து விளித்துவிட்டுத் தொழிலாளியை வெறும் பெயரால் அழைப்பதும், ஒருவருக்கு மெத்தை நாற்காலியும் மற்றவருக்கு நெகிழி நாற்காலியும் போடுவதும் நம் மேடைகளில் கேள்வியின்றி நடக்கின்றன. சாதியோடு பிணைந்த இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடியுள்ள கூட்டத்தில் இவை கவனிக்கப்படும், கவனிக்கப்படவும் வேண்டும்.

அதிகாரிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மேடையில் கேட்கப்படும் முதன்மைக் கேள்விகளையும் தகவல் உரிமைப் பதில்களின் நகலையும் அதனுடன் இணைத்துவிட வேண்டும். எதிர்பாராத நேரத்தில் மடக்கினால் கூட்டம் கைதட்டும், ஆனால் "பார்த்துச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கிடைக்காது. கேள்வியை முன்பே பெற்றுக்கொண்டவருக்கு அந்தச் சாக்கு இல்லை. அவர் வராவிட்டால் பெயர்ப்பலகை வைத்த காலி நாற்காலியை மேடையில் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அவமதிக்கப்பட்ட அலுவலகம் அடுத்த முறையும் வராது. அனுப்பிய கடிதத்தையும் ஒப்புகைத் தேதியையும் வாசித்துவிட்டு, கேள்விகளை அவையின் முன் பதிவுசெய்வதே போதுமானது.

நெறியாளரின் பணி

நிகழ்ச்சி நிற்பதும் விழுவதும் நெறியாளரைப் பொறுத்தது. நன்றாகப் பேசுபவரைவிட, பிறரைப் பேச விடுபவரும் தேவையானபோது குறுக்கிடத் தயங்காதவருமே இதற்கு ஏற்றவர். பட்டிமன்ற நடுவரின் நகைச்சுவை இங்கே உதவாது. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் முதல் அரை மணி தொழிலாளிக்கும் குடும்பத்தினருக்கும், அடுத்த கால் மணி வழக்கறிஞருக்கு, அதற்கடுத்த இருபது நிமிடம் அதிகாரிக்கும் ஐந்தாமவருக்கும் என்று வைத்துக்கொண்டு, எஞ்சியதைக் குறுக்குக் கேள்விகளுக்கும் அவையினருக்கும் விட்டுவிடலாம். அதிகாரி முதலில் பேசிவிட்டு வேறு பணி இருப்பதாகக் கிளம்பிவிடும் வாய்ப்பை இந்த வரிசை தடுக்கிறது.

மேடையில் வரக்கூடிய வழக்கமான பதில்களை நெறியாளர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். "எங்கள் பகுதியில் கையால் மலம் அள்ளும் முறையே கிடையாது" என்பது அவற்றில் முதலாவது. சட்டம் கையால் மலம் அள்ளுவதையும் சாக்கடை, தொட்டிகளில் நடக்கும் அபாயகரமான துப்புரவையும் தனித்தனியாக வரையறுப்பதால் இப்படிச் சொல்ல முடிகிறது. கையால் மலம் அள்ளியதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு 2021இல் நாடாளுமன்றத்திலேயே கூறியது. நெறியாளர் வரையறை விவாதத்துக்குள் போகாமல், "மூடியைத் திறக்கச் சொன்னது யார், கூலி கொடுத்தது யார், அன்று இயந்திரம் எங்கே இருந்தது?" என்று நேராகக் கேட்க வேண்டும். "பாதுகாப்புக் கருவி கொடுத்தோம், அவர்தான் அணியவில்லை" என்றால், கொடுத்ததற்கான பதிவேட்டையும் பயிற்சி நடந்த தேதியையும் கேட்கலாம். "ஒப்பந்ததாரர் பொறுப்பு" என்றால் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கேட்கலாம். "அவராகவே இறங்கினார்", "குடித்திருந்தார்" என்ற பதில்கள் வரும்போது குடும்பத்தினர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவூட்டிவிட்டு, ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்த தொட்டியில் நிதானமான ஆளும் சில மூச்சுகளில் மயங்கி விழுவதையும், காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் இறப்பது அதனால்தான் என்பதையும் பொறியாளரையே விளக்கச் சொல்லலாம். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கில் சேர்க்கப்பட்டதா என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் அதற்கு இடமளிக்கிறது.

பேச்சு திசைமாறுவது இயல்பு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் போராடியது பலர் நினைவில் இருப்பதால், அவையிலிருந்து அதுபற்றிய கேள்வி வந்தே தீரும். முக்கியமான பிரச்சினைதான், ஆனால் அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அன்றைய கேள்விக்குத் திரும்ப வேண்டும்.

அவையினரின் கேள்விகளில் முதல் ஐந்தைத் தூய்மைப் பணியாளர்களுக்கு ஒதுக்குவதாக முதலிலேயே அறிவித்துவிடுங்கள். மைக்கைக் கையில் கொடுத்துவிடாமல் தொண்டர் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால், கேள்வி உரையாக நீளாது. பேசத் தயங்குபவர்களுக்காகச் சீட்டுகளும் வைக்கலாம், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஒருவரும் இருக்க வேண்டும்.

இடமும் நேரமும்

நகரின் மண்டபங்களில் பல சாதிச் சங்கங்களுக்குச் சொந்தமானவை. அங்கே வாடகை குறைவு என்று போனால் வர வேண்டியவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நூலக அரங்கமோ தொழிற்சங்கக் கட்டடமோ, பணியாளர் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் தொலைவில், தரைத்தளத்தில், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துடன் கிடைத்தால் நல்லது. விடியற்காலையில் பணிக்குக் கிளம்புகிறவர்கள் என்பதால் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்பது சரியாக இருக்கும். உள்ளரங்கக் கூட்டமேயானாலும் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே ஒலிபெருக்கி கட்டுவதானால் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம்.

வழக்கு நிலுவையில் இருந்தால், முதல் தகவல் அறிக்கையிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் உள்ளதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒப்பந்ததாரரைக் கொலைகாரர் என்று மேடையில் அழைத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் அவதூறு வழக்கு வரலாம். அந்த வழக்கைச் சந்திப்பதில் குழுவின் பணமும் ஆண்டுகளும் கரையும். காணொளியில் யார் முகம் வரலாம், வரக்கூடாது என்பதைப் படப்பிடிப்பாளரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். நேரலையைத் தவிர்த்து மறுநாள் வெளியிட்டால், பேசியவர் மனம் மாறினால் நீக்க முடியும்.

கூட்டம் முடிந்த பின்

நிகழ்ச்சியின்போது ஒருவர் வேறு எதிலும் ஈடுபடாமல், அதிகாரி ஒப்புக்கொண்டவற்றை மட்டும் அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். முடிவில் நெறியாளர் அதை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு தேதி கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் அந்தக் குறிப்பு கடிதமாக நகராட்சிக்குச் செல்லட்டும். மாவட்ட ஆட்சியருக்கும் குடும்பத்தினருக்கும் நகல் அனுப்புங்கள். ஆட்சியருக்கு அனுப்பக் காரணம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் அவர் தலைமையில் கண்காணிப்புக் குழு இயங்க வேண்டும், அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கலந்துரையாடலில் ஒப்புக்கொள்ளப்பட்டவற்றை அக்குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்கும்படி கடிதத்தில் கோருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு, இன்னொரு பத்து ரூபாய் வில்லையுடன் அடுத்த மனுவை அனுப்பிவிடலாம்.