பானையோட்டைப் பார்த்ததும் உறவு சொல்லிவிடாதீர்கள்

விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது கொசப்பேட்டைத் தெருக்களில் ஈரக் களிமண் வாசனை தூக்கலாக இருக்கும். சென்ற ஆண்டு என் மாணவர்களோடு அங்கே போய், ஒரு பெரியவர் பானை வனைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையின் அடி திறந்தே கிடந்தது. சற்று உலரவிட்டு, உள்ளே வழவழப்பான ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரக்கட்டையால் தட்டித் தட்டி அதை மூடினார். யாரிடம் கற்றீர்கள் ஐயா என்று கேட்டோம். "அப்பாவிடம். சின்ன வயதில் பழகிய கை. இனி வேறு மாதிரி வராது" என்றார்.

பழங்காலத்தில் ஊருக்கும் ஊருக்கும் இருந்த உறவைப் பானைகளில் தேடுகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு இது. மண் எங்கே எடுத்தது, கை யாரிடம் பழகியது, அழகு யாரைப் பார்த்து வந்தது என்று ஒரே ஓட்டில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு, ஒரே மாதிரிப் பானை என்றால் ஒரே இனம் என்று முடிவுகட்டுவது. நம் பக்கத்தில் இதற்கு அதிகம் பலியாவது கறுப்பு-சிவப்பு மட்கலம். அந்த இரண்டு நிறமும் பூசியவை அல்ல. சுடும்போது காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கிறது. காற்றுப் போகாத உள்பக்கமும் விளிம்பும் கறுக்கின்றன. தமிழகத்தில் இறந்தோரைத் தாழியில் வைத்துப் புதைத்த இடங்களில் கிடைக்கும் இதே நிறச் சேர்க்கை ராஜஸ்தானத்து ஆகாரிலும் வங்காளத்திலும் கிடைக்கிறது. எகிப்தில் அரசர்கள் தோன்றுவதற்கு முந்தைய காலத்துப் பானைகளில்கூட வாய்ப்பக்கம் கறுத்திருக்கும். நெருப்பைக் கையாளும் அறிவு பல இடங்களில் தனித்தனியாகவும் பிறக்கலாம்.

ஐரோப்பாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன், கவிழ்த்த மணி போன்ற வடிவத்தில் ஒரு குவளை அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியது. 2018இல் வெளியான தொல்மரபணு ஆய்வில், பிரிட்டனில் அந்தக் குவளையோடு புதிய மக்களும் வந்து, சில நூற்றாண்டுகளில் அங்கிருந்த மரபணுவில் ஏறக்குறைய 90 சதவீதம் மாறிப்போனது தெரிந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தில் அதே குவளையைப் புழங்கியவர்களுக்கும் மத்திய ஐரோப்பியர்களுக்கும் இரத்த உறவு மிகக் குறைவு. ஓரிடத்தில் ஆட்கள் நகர்ந்தார்கள், இன்னோரிடத்தில் பழக்கம் மட்டும் நகர்ந்தது. குவளையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அயல் சாயல் தெரிந்ததும் அயலார் வந்து குடியேறினார்கள் என்பது அடுத்த தவறு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர், வட்ட வரிசையாகச் சிறு புள்ளிகள் பதித்த ரௌலெட்டெட் தட்டுகளை மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை என்று கருதினார். பிற்கால ஆய்வுகள் அவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று காட்டின. அதே வகைத் தட்டுகள் அனுராதபுரத்திலும் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிக்கே சாட்சியாக நிறுத்தப்பட்ட ஓடு, வங்கக் கடலைச் சுற்றி நடந்த நம் வணிகத்துக்கும் சாட்சியாகிவிட்டது. மண்ணின் கலவையைச் சோதிக்காமல் பிறந்த ஊர் சொல்லக் கூடாது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அலங்காரத்திலேயே மயங்கி நிற்பதும் தவறுதான். கோலம் மாதிரி, ஒரு வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் வரைந்துவிடலாம். அடியை மூடும் விதத்தை அப்படிக் கற்க முடியாது. ஒருவரோடு உட்கார்ந்து பல மாதம் பழக வேண்டும். ஆகவே ஓட்டின் உள்பக்கத்தையும் உடைந்த விளிம்பையும் பாருங்கள். கல் பதிந்த குழிகளும் மண்திரியை அடுக்கி ஒட்டிய இணைப்புகளும் தெரிந்தால், கற்றவருக்கும் கற்பித்தவருக்கும் இடையிலான உறவு அங்கேதான் இருக்கிறது.

கீறல்களை எல்லாம் எழுத்து என்று படித்துவிடாதீர்கள். கீழடியில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கிடைத்தன. வெறும் குறியீடுகளும் கிடைத்தன. சுடுவதற்கு முன் கீறியது பெரும்பாலும் வனைந்தவருடையது. சுட்ட பின் கீறியது புழங்கியவருடையதாக இருக்கலாம்.

என்னை அதிகம் வருத்துவது கடைசித் தவறு: கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறிக்காமல் ஓட்டை எடுத்துவிடுவது. திருவள்ளூர் மாவட்டத்து அமிர்தமங்கலத்தில் 1955இலேயே முதுமக்கள் தாழிகளை அகழ்ந்தார்கள். வடசென்னைக்கு வடக்கே, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஓடுகள் தென்பட்டால் எடுக்காமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். கழுவவும் செய்யாதீர்கள்; ஓட்டின் நுண்துளைகளில் பழைய சமையலின் கொழுப்புகூடத் தங்கியிருக்கும்.

அந்தக் கொசப்பேட்டைப் பயணம் முடிந்த மறுவாரம் ஒரு மாணவன் கை நிறைய ஓடுகள் கொண்டுவந்தான். பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான். உள்பக்கத்தில் ஆழமில்லாத வட்டக் குழிகள் இருந்தன. "அந்தத் தாத்தா தட்டியது மாதிரியே இருக்கிறது ஐயா" என்றான். நன்றாகக் கவனித்திருக்கிறான் என்று மனம் நிறைந்தது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தாய் என்று கேட்டேன். சித்தப்பா லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கிடந்தது என்றான்.