கல்லூரி அணியிலிருந்து முதல் ஏடிபி புள்ளி வரை

கோவை, ஈரோடு, சேலம் கல்லூரி டென்னிஸ் அணிகளில் ஆடுபவருக்குப் பெயர் கொடுப்பது, டிக்கெட் போடுவது எல்லாவற்றையும் உடற்கல்வி இயக்குநர் பார்த்துக்கொள்வார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) போட்டிச் சுற்றுக்குப் போனால் அத்தனையும் உங்கள் தலையில்தான். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் முதல் ஆண்டில் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதலில் ஐடிஎஃப் தளத்தில் ஐபின் எண் (ஆட்டக்காரர் அடையாள எண்) வாங்குங்கள். நம் பக்கம் மார்க் ஷீட்டில் இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். சூதாட்டத் தடுப்பு விதிகள் பற்றிய ஆன்லைன் பயிற்சியையும் கையோடு முடித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை தொடங்கும் போட்டிக்கு, 18 நாள் முன்னால் வரும் வியாழன் இரவு 7:30 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். விலகுவதானால் 13 நாள் முன்னால் வரும் செவ்வாய் இரவு 7:30 மணிக்குள். அதற்குப் பிறகு விலகினால் தண்டனை உண்டு. இரண்டுக்கும் போனில் அலாரம் வையுங்கள். ஒரே வாரத்துக்குப் பல ஊர்களில் பெயர் கொடுத்து, எது முதலில் என்று வரிசைப்படுத்தலாம்.

ஐடிஎஃப் ஆண்கள் போட்டிகளில் ஆரம்ப நிலை எம்15. அதில் தகுதிச் சுற்றுக்கு ஏடிபி புள்ளி, அதாவது ஆண்கள் உலகத் தரவரிசைப் புள்ளி, கிடையாது. பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் 1 புள்ளி, கோப்பை வென்றால் 15. ஒவ்வொரு புள்ளியும் 52 வாரத்தில் கழிந்துவிடும். மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். ஆரம்பச் சுற்றுகளில் கிடைப்பது விமானச் செலவுக்குக்கூடக் காணாது. அதனால் ஒரு வாரத்துக்கென்று வெளிநாடு போகாதீர்கள். துருக்கியின் அன்டாலியா, துனீசியாவின் மொனாஸ்டிர் போன்ற ஊர்களில் வாரா வாரம் போட்டி நடக்கும். ஒரே டிக்கெட்டில் மூன்று நான்கு வாரம் ஆடலாம். இரட்டையர் கூட்டாளியுடன் அறையைப் பகிர்ந்தால் செலவு பாதியாகும். அதற்கு முன் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் (ஏஐடிஏ) உள்நாட்டுப் போட்டிகளில் தரவரிசையை ஏற்றிக்கொள்ளுங்கள். வைல்டு கார்டு (அமைப்பாளர்கள் தரும் நேரடி வாய்ப்பு) கேட்கும்போது அது கைகொடுக்கும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்காகப் பயிற்சியை விடாதீர்கள். சர்வீஸுக்குப் பந்தைத் தாழ்வாகத் தூக்கி, காலைச் சின்னச் சின்ன அடியாக வைத்துப் பழகுங்கள். காற்றடிக்கும் எந்த ஊரிலும் இது உதவும். நமக்கு உண்மையான சோதனை சென்னையின் புழுக்கம். கோவையின் இதமான காற்றில் பழகிய உடம்புக்கு அங்கே மூன்றாம் செட்டில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஒரு வாரமாவது முன்னால் போய்ச் சேருங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சேர வேண்டும். அங்கே பந்து ஈரம் ஏறிக் கனக்கும். ராக்கெட் நரம்பை ஒன்றிரண்டு பவுண்டு தளர்த்திக் கட்டினால் பந்து ஆழமாக விழும்.

இருமல் வந்தால் மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கும் சிரப்பைக் குடிக்காதீர்கள். பலவற்றில் டெர்ப்யூட்டலின் இருக்கிறது. அது தடை செய்யப்பட்ட மருந்து. தெரியாமல் குடித்தேன் என்றாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையதுதான். எந்த மருந்தானாலும் அதன் சீட்டை ஊக்கமருந்து விதி தெரிந்த மருத்துவரிடம் காட்டிய பிறகே வாங்குங்கள்.