டிரை ஐஸ்: இறுக்கி மூடினால்தான் வம்பு

ஐஸ்கிரீம் பார்சலோடு வந்த டிரை ஐஸ் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வீணாகப் போகிறதே என்று தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் போட்டு மூடியை இறுக்கித் திருகத் தோன்றும். சாதா ஐஸாக இருந்தால் சரி. இதில் மட்டும் அந்தப் புத்தி வேலைக்காகாது.

இது தண்ணீரே இல்லை, உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78.5 டிகிரியிலேயே, உருகாமல் நேராக வாயுவாகிவிடும். ஒரு கிலோ முழுக்க வாயுவானால் 540 லிட்டர் அளவுக்கு இடம் கேட்கும். அப்படியென்றால் ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் 100 கிராம் போட்டு மூடினால், 54 லிட்டர் வாயு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். பாட்டில் எவ்வளவுதான் தாங்கும்? அடுத்த நிமிடமும் வெடிக்கலாம், அரை மணி கழித்தும் வெடிக்கலாம். கூடத் தண்ணீர் சேர்ந்தால் வேகம் இன்னும் அதிகம். 2013 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இப்படித்தான் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

"ஃப்ரீசரில்தானே வைக்கிறோம்" என்பார்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான், டிரை ஐஸுக்கு அதுவே வெயில். டப்பாவை இறுக்கி மூடி அங்கே வைத்தாலும் கதை அதேதான். தெர்மாகோல் பெட்டிதான் நல்லது, ஆனால் நாலு பக்கமும் டேப் ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டிய பெட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்: மூடி நடுவில் உப்பி, ஒரு மூலையில் டேப் பிய்ந்து உஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது. மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும்.

யாராவது ஏற்கெனவே பாட்டிலில் அடைத்துவிட்டார்களா? மெதுவாகத் திறந்து காற்றை விட்டுவிடலாம் என்று கிட்டே போகாதீர்கள், முகமும் கையும் சரியாக அதன் மேலே இருக்கும்போதுதான் வெடிக்கும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், கண்ணாடி ஏற்றிய கார், ஜன்னல் சாத்திய அறை இதெல்லாமும் ஒருவகையில் மூடிய டப்பாதான். வெடிக்காது, மூச்சு முட்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். கீழே பாயில் படுத்திருக்கும் குழந்தையைத்தான் முதலில் பிடிக்கும். 2020-இல் மாஸ்கோவில் ஒரு விருந்தில் உள்ளரங்க நீச்சல் குளத்தில் 25 கிலோ கொட்டினார்கள், மூன்று பேர் இறந்தார்கள்.

மிச்சத்தை சிங்கில் கொட்டினால் குழாய் விரிசல் விடும். கையுறை போட்டு எடுத்து, பிள்ளைகள் கை எட்டாத மாதிரி மொட்டை மாடியில் திறந்து வையுங்கள், தானே காணாமல் போய்விடும்.