புவு ஓ மஹூகா கற்கோயிலுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாயில் இருக்கும் ஓஆஹு தீவின் வடகரைக்கு யார் வந்தாலும், வைமேயா விரிகுடாவுக்கு மேலே மேட்டில் இருக்கும் புவு ஓ மஹூகாவுக்கு நான் கூட்டிப்போவேன். ஹவாய் மக்களின் பழைய கோயிலுக்கு ஹெயியாவ் என்று பெயர். இந்தத் தீவில் இருப்பவற்றில் இதுதான் பெரியது, ஏறத்தாழ 2 ஏக்கர். கீழே விரிகுடா, மேற்கே காஏனா முனை வரை கடற்கரை, வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் காவாய் தீவு. புதிதாக வருகிறவர்கள் நான் முன்பு செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கைவிடப்பட்ட இடம் என்று நினைப்பது

கோபுரம் இல்லை, சிலை இல்லை, புல் முளைத்த கற்சுவர்கள்தான். 1819இல் மன்னர் இரண்டாம் கமேஹமேஹா, கபு எனப்பட்ட பழைய மதத் தடை விதிகளை ஒழித்தபோது தீவுகளெங்கும் கோயில்களின் மரச் சிலைகளும் கூரை வீடுகளும் எரிக்கப்பட்டன. நின்றது கல் மட்டும்தான். 1962இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்கள். அதற்கேற்ற கவனிப்பு இல்லை என்பது என் வருத்தம். ஆனாலும் பூமாலையும் பழமும் வைத்து வணங்கிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நடப்பில் இருக்கும் கோயில்.

சுவருக்குள் இறங்குவது

கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டாலும் கூடாது.

கல்லை எடுப்பது, அடுக்குவது, இலையில் சுற்றுவது

எனக்கு இன்னமும் ஆத்திரம் வருவது இதில்தான். ஒருமுறை ஒரு குடும்பத்தோடு போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் சுவரோரம் இருந்து மூன்று கற்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். நம் ஊர் மலைக்கோயில்களில் சொந்த வீடு அமைய வேண்டும் என்று கல் அடுக்குவோமே, அந்தப் பழக்கம். களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு ஹவாய் அம்மா எழுந்து வந்து, “எந்த இடத்தில் இருந்து எடுத்தாய் தம்பி?” என்று கேட்டார். பையனுக்குக் காட்டத் தெரியவில்லை. பெரியப்பா, “சாமிக்குத்தானே வெச்சான்” என்றார். அந்த அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், “குத்துமதிப்பாகத் திரும்பச் செருக வேண்டாம், அப்படியே கீழே வைத்துவிடுங்கள்” என்றார்.

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. இந்தச் சுவர்களில் சாந்து கிடையாது. ஒரு கல் இன்னொன்றின் மேல் சாய்ந்து, அந்தப் பாரத்திலேயே நிற்கிறது. பெரிய கற்களுக்கு நடுவில் தளர்ந்து கிடப்பதுபோலத் தெரியும் சின்னக் கல்தான் ஆப்பு. அதை உருவினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் மழை பெய்து உள்ளிருக்கும் நிரப்புக் கல் இறங்கும்போது சுவர் வயிறு தள்ளும், பிறகு சரியும். திரும்பக் கட்ட, அந்தக் கைவேலை தெரிந்தவர் ஒவ்வொரு கல்லாகப் பொருத்த வேண்டும். தரையில் கிடக்கும் கல்லும் கட்டடத்தின் பகுதிதான். அது கிடக்கும் இடத்தை வைத்துத்தான் எங்கே தளம் இருந்தது, எங்கே சரிந்தது என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள்.

இன்னொரு வகையினர் கல்லை டி என்ற செடியின் (தேயிலை இல்லை) இலையில் சுற்றிக் காணிக்கை என்று வைக்கிறார்கள். ஹவாய் மரபு என்று யாரோ சொன்னார்களாம். மரபு இல்லை, சுற்றுலாப் பயணிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வது. அந்த இலைக்காகச் செடியை மொட்டையடிப்பது தனிக் கொடுமை. கற்பூரம், குங்குமம், தேங்காய் எதுவும் வேண்டாம். வணங்கத் தோன்றினால் வெளியே நின்று கைகூப்புங்கள், போதும்.

நரபலிக் கதையைச் சொல்லிச் சிரிப்பது

இது தலைவர்களின் லுவாகினி வகைக் கோயில். போருக்கான சடங்குகளும் நரபலியும் அந்த வகைக் கோயில்களில் நடந்தன. தெரிந்துகொள்ளுங்கள். அவர்களின் வாரிசுகள் பக்கத்தில் நிற்கும்போது அலறுவதுபோல நடித்து வீடியோ எடுக்காதீர்கள்.

டிரோன்

மாநிலப் பூங்காக்களில் தடை.

காரில் பையை விட்டுவிட்டுப் போவது

ஆள் நடமாட்டம் குறைந்த இடம். கண்ணாடி வழியே எதுவும் தெரியக் கூடாது.

வெள்ளைச் செருப்பு, வெள்ளை வேட்டி

செம்மண். துவைத்தாலும் போகாது.

நேரம் பார்க்காமல் கிளம்புவது

குளிர்காலத்தில், முக்கியமாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வைமேயாவில் ராட்சத அலை எழும் நாட்களில் கீழே கமேஹமேஹா நெடுஞ்சாலை நகராது. காலையிலேயே வந்துவிடுங்கள். கழிப்பறை வேலையைக் கடற்கரைப் பூங்காவிலேயே முடித்துவிட்டு மேலே ஏறுங்கள்.