வீட்டு மெழுகுதிரிக்கு ஏற்ற பாத்திரம்: ஜாம் போத்தலும் தயிர்ச்சட்டியும்

சென்ற மார்கழி மழையில் மின்சாரம் நின்ற ஓர் இரவு, கல்லடியில் எங்கள் வீட்டு மேசையில் நான் முதன்முதலாக ஊற்றிய மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும், ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டது. மெல்லிய கண்ணாடித் தம்ளரின் விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. அதன் வழியே உருகிய மெழுகு கசிந்து மேசை விரிப்பில் பரவிக்கொண்டிருந்தது. தட்டொன்றால் மூடி உடனே அணைத்ததால் ஆபத்து எதுவும் நேரவில்லை. மெழுகும் திரியும் சரியாகவே இருந்தன; பாத்திரத்தைத் தெரிவு செய்ததில்தான் நான் பிழை விட்டிருந்தேன். புதிதாகத் தொடங்குபவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காகவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: பொருளைத் தெரிவு செய்தல்

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வாயகன்ற, சுவர் தடித்த ஜாம் போத்தலே தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. ஜாமைச் சூடாக நிரப்பி மூடுவதற்கென்று செய்யப்படுவதால் அது மெல்லிய தம்ளரைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும். கீறல், விளிம்பில் உடைவு, கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் போத்தலை ஒதுக்கிவிடுங்கள்.

கழுவி உலர்த்திய மீன் ரின்னையும் பயன்படுத்தலாம். ஆனால் தகரம் சூட்டை விரைவாகக் கடத்துவதால் அதைப் பிங்கான் தட்டின் மேல் வைத்தே எரிக்க வேண்டும். கடற்காற்று படும் வீடுகளில் அது விரைவில் துருப்பிடித்தும்விடும். பிளாஸ்டிக், மரம், மூங்கில் ஆகியவற்றை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

சிரட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிரட்டையில் ஊற்றிய மெழுகுதிரி பார்வைக்கு அழகானது, இயற்கையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் வீடுகளில் அடுப்பு மூட்டவும், கரியாக்கி அயன்பெட்டியைச் சூடாக்கவும் சிரட்டையைத் தெரிவு செய்தது அது நன்றாக எரியும் என்பதால்தான். மெழுகு குறைந்து சுடர் சுவரை நெருங்கும்போது, மெழுகு ஊறிய நாரும் சிரட்டையும் இன்னொரு திரியாக மாறிப் பற்றிக்கொள்ளும். எனவே சிரட்டையை அகப்பைக்கு விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது தயிர்ச்சட்டி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எருமைத் தயிர் வாங்கும் வீடுகளில் வெறுஞ்சட்டிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் மெழுகு ஊற்றினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். மண் எரியாது என்பது உண்மைதான். ஆனால் மினுக்கம் பூசாத சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள், வாசற்படியில் சிட்டி இருந்த இடத்தில் வட்டமாக எண்ணெய்க்கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே உருகிய மெழுகும் சட்டியின் சுவரில் ஊறி வெளியே கசியும். உட்புறத்தில் வார்னிஷ் பூசினால் கசிவு குறையலாம், ஆனால் வார்னிஷ் தீப்பற்றக்கூடியது. உடைந்தபின் மண்ணோடு மண்ணாகக் கலக்கவேண்டிய சட்டியையும் அது கெடுத்துவிடும். ஆகவே நான் தயிர்ச்சட்டியை வெளிப்பாத்திரமாக மட்டுமே பயன்படுத்துகிறேன். சட்டியைச் சுடுநீரில் கழுவி, சில நாட்கள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அடியில் உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் ஜாம் போத்தலை இருத்தி, போத்தலின் கால்பங்கு உயரம்வரை சுற்றிலும் மணல் நிரப்புங்கள். கண்ணாடி வெடித்தாலும் மெழுகு மணலில் தங்கிவிடும், மேசைக்கு வராது.

படி 2: வடிவத்தைப் பார்த்தல்

வாய்ப்பகுதி அடியைவிடக் குறுகியிருந்தால் வெப்பம் மேலே தேங்கும், காற்றும் போதாமல் சுடர் புகையும். வாயும் அடியும் ஏறத்தாழ ஒரே அகலமாக, 6 முதல் 8 சென்டிமீற்றர் வரை இருந்தால் ஒரே திரி போதும். தட்டினால் சாயும் ஒடுங்கிய உயரமான போத்தல் வேண்டாம்.

படி 3: தண்ணீரால் சோதித்தல்

பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிப் பழைய பத்திரிகைத் தாளின் மேல் ஒரு நாள் முழுவதும் வையுங்கள். தாளில் ஈரம் பட்டால், அது போத்தலானாலும் ரின்னானாலும் மெழுகுக்கு உதவாது.

படி 4: வெப்பத்தால் சோதித்தல்

ஒரே வகைப் போத்தல்கள் மூன்று இருந்தால், ஒன்றைச் சோதனைக்கென ஒதுக்குங்கள். அதில் பின்னர் மெழுகு ஊற்ற வேண்டாம். அதை வெறும் வாளிக்குள் நிறுத்தி, கொதித்த நீரை நிரப்பி, எட்டி நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தடித்த துணியால் பிடித்து நீரை ஊற்றிவிட்டு, உடனே குளிர்ந்த நீரை விடுங்கள். வெடித்தால் அந்த வகையையே கைவிடுங்கள். குனிந்து பார்த்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது. பிள்ளைகளையும் அருகில் விடக்கூடாது.

படி 5: ஊற்றுதல்

போத்தலுக்குள் ஒரு துளி ஈரமும் இருக்கக்கூடாது. மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸ் அளவில் உருகும். போத்தலை வெயிலில் சற்று வெதுவெதுப்பாக்கி, திரியை நடுவில் நிறுத்தி, விளிம்பிலிருந்து 2 சென்டிமீற்றர் குறைத்து ஊற்றுங்கள்.

படி 6: முதல் எரிப்பு

ஒரு நாள் ஆறவிட்டு, திரியை 6 மில்லிமீற்றருக்கு நறுக்கி, நீங்கள் அருகிலிருக்கும் நேரத்தில் மட்டும் ஏற்றுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போத்தலின் வெளிப்புறத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் திரி தடிப்பாக இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை மெல்லிய திரியை இடுங்கள். மெழுகே பற்றிக்கொண்டால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. அடியில் 1 சென்டிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிடுங்கள், அதற்குமேல் எரித்தால் சுடரின் சூடு நேரடியாகக் கண்ணாடியின் அடியைத் தாக்கும்.

மிஞ்சிய மெழுகை எடுக்க, ஆறிய போத்தலை முதலில் வெதுவெதுப்பான நீரில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாகச் சுடுநீர் சேர்த்து இளக்குங்கள். இளகியதைக் கரண்டியால் வழித்து, அடுத்த திரிக்கெனப் பேணியொன்றில் சேர்த்து வையுங்கள். சுவரில் ஒட்டியிருப்பதைத் தாளால் துடைத்த பின்னரே சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும். உருகிய மெழுகைக் கானில் ஊற்றினால் அது உறைந்து கானை அடைத்துவிடும். கழுவிய போத்தலை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, விளிம்பு முழுவதும் நகத்தால் தடவி, கீறல் தட்டுப்படாவிட்டால் மறுபடியும் படி 3-இலிருந்து தொடங்கலாம்.